லியோனியின் சாந்துப் பட்டைகள்

லியோனி பெட்டியைக் கட்டி வாசலில் வைத்திருந்தாள். அதைப் பார்த்ததும் அவள் தங்கை இவெத் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

ஆறு வருடமாக மன்றாடுகிறாள், அக்காவை இந்த வீட்டிலிருந்து கூட்டிப் போக. தலைக்கு மேலே கோட்டை, காலுக்குக் கீழே தோர்தோன் ஆறு, நடுவில் பாறையே பின்சுவரான வீடு. பாறை விரிசல் விடுகிறது, காலி செய் என்று நகராட்சியிலிருந்து மூன்று கடிதம் வந்தும் அக்கா அசையவில்லை. சற்றுமுன் தெருமுனையில் தடுப்புக்கட்டையைத் தூக்கிவிட்ட நகராட்சிக் காவலாள் ஃபெர்னான்கூடச் சிரித்தான்: "உங்க அக்காவையா? முந்தாநாள் நான் போய்க் காலி பண்ணச் சொன்னதுக்கு, பாத்திரம் கழுவின தண்ணிய மூஞ்சியில ஊத்திட்டாங்கம்மா!"

இன்றோ அவளே மேலங்கி மாட்டி, கைகளைச் சால்வைக்குள் புதைத்துக்கொண்டு, சமையலறை நிழலில் உட்கார்ந்திருந்தாள்.

"வந்துட்டியாடி. கிளம்பலாம்."

"என்னக்கா, நான் கார் ஓட்டுற லட்சணத்தப் பத்தி இன்னும் ஒரு வார்த்தை வரல?"

"நல்லாத்தான் ஓட்டுவே."

பிறந்ததிலிருந்து அக்கா அவளை எதற்கும் நல்லாயிருக்கு என்றதில்லை.

"அம்மா படத்த எடுத்துக்கிட்டியா?"

"அது எதுக்கு? பின்னறைக்குப் போகாதே."

இவெத் போனாள். அம்மாவை விட்டுவிட்டு அக்கா எங்கே கிளம்புவாள்?

நவம்பர் மாத மாலை நான்கு மணி வெளிச்சம், ஆற்றுப் பனியில் ஊறி, ஒற்றைச் சன்னல் வழியே உள்ளே வழிந்துகொண்டிருக்க, அழுகிய வாதுமைத் தொலியும் ஈரக்கல்லும் கலந்த பழைய வாசனை அவளைச் சுற்றிக்கொண்டது. கோட்டைக் காக்கைகள் என்றுமில்லாமல் வாயடைத்துக் கிடந்தன. பாறைச்சுவர் முழுக்க, விரிசல்களுக்குக் குறுக்கே அக்கா பூசிய சாந்துப் பட்டைகள், ஒவ்வொன்றிலும் அவளுடைய சாய்ந்த எழுத்தில் தேதி. பட்டை வெடித்தால் பாறை நகர்ந்தது என்று அர்த்தம். இந்த ஊரில் எல்லா வீட்டிலும் அப்படித்தான்.

எதுவும் வெடித்திருக்கவில்லை. ஒன்று மட்டும் கழன்று தரையில் கிடந்தது. அதற்கு மேலே உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பாய் ஒரு விரிசல்.

குனிந்து எடுத்தாள். தேதி இன்றையது. எழுத்து அக்காவுடையது இல்லை.

சாந்து சூடாக இருந்தது. இறுகும்போது சூடாகும். அப்படியானால் இப்போதுதான் பூசியது.

திருப்பினாள்.

பாறையைத் தொட்டிருந்த பக்கத்தில் விரல் குழிகள். நான்கு. ஈரச் சாந்தில், உள்ளேயிருந்து அழுத்தியவை.

மூன்றாவது பாதியோடு நின்றிருந்தது.

பன்னிரண்டு வயதில் வாதுமை உடைக்கும் இயந்திரம் லியோனியின் மோதிரவிரலைப் பாதியோடு கொண்டுபோயிற்று. விடிய விடிய அந்தக் கையை மடியில் வைத்திருந்தவள் இவெத்.

விரிசலிலிருந்து மூச்சுக் காற்று வந்தது. வெதுவெதுப்பாக. அதோடு, தரைக்குள்ளிருந்து கேட்பதுபோல் ஒரு குரல்.

"இவ்வளவு நேரமாடி, கழுதை? மாட்டு வண்டியா ஓட்டிட்டு வந்தே?"

"அக்கா..." இவெத் விரலை உள்ளே நீட்டினாள். குளிர்ந்த, குட்டையான ஒரு விரல் அதைப் பற்றிக்கொண்டது. விடவில்லை.

பின்னால் பலகை கிறீச்சிட்டது.

"போகாதேன்னு சொன்னேன்ல?"

இவெத் திரும்புவதற்குள் தோளில் ஒரு கை வந்து அமர்ந்தது. மெதுவாக. அன்பாக.

நகங்களில் சாந்து. ஐந்து விரலும் முழுசாக.