பெயருக்குச் சொந்தக்காரன்

கப்பலில் வந்த வெள்ளைக்காரர்கள் சான்பிரான்சிஸ்கோவில் கைவீசிக்கொண்டு இறங்கிப் போனார்கள். சீனர்களை மட்டும் படகில் ஏற்றி, எதிரே இருந்த தீவில் ஒரு மரக்கொட்டகையில் அடைத்தார்கள். லாம் சூயும் அதில் ஒருத்தன். சீனக் கூலிக்காரன் உள்ளே வரக் கூடாதென்று சட்டம். அமெரிக்காவில் பிறந்த சீனன் பெற்ற பிள்ளையென்றால் விடுவார்கள். அதனால் சூய், அங்கே பிறந்து அங்கேயே இருக்கும் மோக் என்பவரின் மகன் சிங் யாவ் என்று பொய்க் காகிதத்தோடு வந்திருந்தான். நிஜமான சிங் யாவ் போன வருஷம் இதே பயணத்துக்குக் கிளம்பி, ஊர் ஆற்றிலேயே படகு கவிழ்ந்து செத்துப்போனவன்.

மோக் எழுதியனுப்பிய தன் ஊர் வீட்டு விவரத்தையெல்லாம் மனப்பாடம் செய்துவிட்டு, சூய் அதைக் கடலில் கிழித்துப் போட்டிருந்தான். இங்கே மோக்கையும் தனியே விசாரிப்பார்கள். இரண்டு பேர் பதிலும் ஒத்துப்போகாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அப்புறம் ஊரில் அம்மாவும் தங்கைகளும் பட்டினிதான், பாவம்.

மூன்றாம் நாள் மத்தியானம். ஜன்னலுக்கு வெளியே ஒரே மூடுபனி. சூய் மேல்கட்டிலில் படுத்து முணுமுணுத்தான்.

"அரிசிப் பானை, கதவுக்கு இடப்பக்கம்..."

கீழிருந்து பாசி வாடை வந்தது.

"இடப்பக்கம் இல்லப்பா. ஏணிக்கு அடியில."

எட்டிப் பார்த்தான். காலிக் கட்டில். பலகை மட்டும் நனைந்திருந்தது.

மறுநாள் விசாரணையில் அதிகாரி அதையே கேட்டான். சூய் 'இடப்பக்கம்' என்று சொல்ல வாயெடுத்தான். பிடரியில் யாரோ ஈரமாக மூச்சு விட்டார்கள்.

"ஏணிக்கு அடியில," என்றான்.

அதிகாரி காகிதத்தைப் பார்த்துத் தலையாட்டினான்.

இறங்குதுறையில் கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் மோக் நின்றிருந்தார். முகம் வெளிறிக் கிடந்தது.

"இடப்பக்கம்னு தப்பா எழுதிட்டேன்டா. அவங்க கேட்டப்ப உண்மை வாயில வந்துருச்சு. உனக்கு எப்பிடித் தெரிஞ்சுது?"

சூய் அந்தக் குரலைப் பற்றிச் சொன்னான். மோக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"எம் பையன் வேற எதாவது கேட்டானா?"

"'எம் பேர்ல நீ போயிட்டா, நான் எந்தப் பேர்ல போறது'ன்னு கேட்டான்."

மோக் அழுதார்.

வேலி வாசலில் குமாஸ்தா விடுதலைப் பட்டியலைப் படித்தான். "மோக் சிங் யாவ்!"

சூய் வாயைத் திறப்பதற்குள் பக்கத்திலிருந்து பதில் போனது.

"இருக்கேன்."

குமாஸ்தா அந்த வெற்றிடத்தைப் பார்த்துத் தலையாட்டி, பேரை அடித்தான். கதவு திறந்தது. "வாப்பா," என்று மோக் கை நீட்டினார், சூயைப் பார்த்து அல்ல.

கதவு சாத்திக்கொண்டது.

குமாஸ்தா சூய் பக்கம் திரும்பினான்.

"நீ யாரு?"