சிவப்புத் துணி கட்டிய குழாய்

"கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?"

மாரிசெல்வி போட்ட சத்தத்தில் டிராக்டர் நின்றது. பின்னால் இழுத்து வந்த தண்ணீர் டேங்க் ரிவர்ஸில் ஏறி, தரையோடு கிடந்த இரண்டு பிளாஸ்டிக் குழாய்களையும் நொறுக்கியிருந்தது.

இறங்கி வந்தவன் பாண்டிச்செல்வம். ஆமத்தூர்ப் பக்கம் நிலபுலன் உள்ள பெரிய சம்சாரி சங்கையாவின் மகன். சொந்த போர்வெல் தண்ணீரைத் தெருத்தெருவாகக் கொண்டு வந்து ஊற்றுகிறவனை இந்தக் கோடையில் யாராவது ஏசுவார்களா? அவன் திகைத்துத்தான் போனான்.

"ஒரு சாக்கடைக் குழாய்க்கா இம்புட்டுக் கோவம்? நீ..."

"நீங்க! மொத மொதப் பாக்குறவுகள அப்படித்தான் கூப்பிடணும். வந்து பாருங்க, சாக்கடையா என்னன்னு."

கூட்டிப் போய்க் காட்டினாள். பன்னிரண்டு வீட்டில் குளித்த தண்ணீரும் பாத்திரம் கழுவிய தண்ணீரும் சல்லிக்கல்லில் இறங்கி, கல்வாழைப் பாத்தியைக் கடந்து, நாற்பது மல்லிச்செடிகளின் காலடிக்கு வந்து சேரும்படி அவள் அமைத்திருந்தாள். ஊரே காய்ந்து கிடக்க, அங்கே மட்டும் அப்படியொரு பச்சை.

"பத்து நாளைக்கு ஒருக்கத்தான் குழாயில தண்ணி வருது. அதான் ஒவ்வொரு குடத்தையும் ரெண்டு தடவ வேல வாங்குறோம்."

"அந்தச் சிவப்புத் துணி கட்டுன குழாய் எதுக்கு?"

"அது கம்பெனி உடுப்பு அலசுற தண்ணி. பட்டாசு மருந்து கலந்தது, செடிக்கு ஆகாது. தனிக் குழிக்குப் போயிரும்."

அவன் அப்போதே சாத்தூர் வரை போய் இரண்டு புதுக்குழாய் வாங்கி வந்தான். மண்ணில் மண்டியிட்டு மாட்டினான். சிவப்புத் துணியை ஒரு புதுக்குழாயில் கட்டிவிட்டு, மறுமுனையை அவள் பிடித்துக்கொண்டாள். நிமிர்ந்தால் அவன் கண்கள்... குனிந்தாலும் அந்தக் கண்களின் நினைப்பு. 'ஏட்டி செல்வி, குழாய ஒழுங்காப் பிடி' என்று தன்னையே அதட்டிக்கொண்டாள்.

"உங்க பேரு?"

"மாரிசெல்வி."

"நான் பாண்டிச்செல்வம். பாதிப் பேரு இப்பவே பொருந்திருச்சு..."

"மீதி வேலையப் பாருங்க!" என்றாள். சிரிப்பை அடக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

வாரம் ஒருமுறை வர வேண்டிய டிராக்டர் மூன்றாம் நாளே வந்தது. "டேங்குல தண்ணி மிச்சம்" என்றான். இந்தப் பஞ்சத்தில் தண்ணீர் மிச்சமாம்! கேட்கிறவள் கேனச்சியா? ஆனாலும் டிராக்டர் சத்தம் கேட்டதுமே அவள் நெஞ்சு சரவெடியாக வெடித்ததென்னவோ உண்மை.

பத்தாம் நாள் காலை மல்லி இலைகளின் நுனி கருகியிருந்தது.

மாரிசெல்வி இலைகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். அம்மா வள்ளித்தாய்க்குப் பட்டாசுக் கம்பெனி மருந்து ரூம் வேலையில் வந்த இருமல் இன்னும் விட்டபாடில்லை. இந்த மல்லி பூத்தால் அம்மாவை வேலையிலிருந்து நிறுத்திவிடலாம் என்று உயிரைக் கொடுத்து வளர்த்தவள். மற்ற பதினோரு வீட்டுக்காரர்களும் அவள் பேச்சை நம்பித்தான் தண்ணீரை விட்டார்கள்.

"செடி பட்டுப்போச்சுன்னா குழாயப் பிடுங்கிருவோம் செல்வி. அவுகவுக வாசல்லயே ஊத்திக்கிறோம்" என்றாள் அடுத்த வீட்டு அருணாதேவி அக்கா.

மண் மூடிய குழாய் இணைப்பைத் தோண்டிப் பார்த்தாள். சிவப்புத் துணிக் குழாய் மல்லிப் பாத்தியில் மாட்டியிருந்தது. பத்து நாளும் மருந்துத் தண்ணீர்!

டிராக்டர் வந்ததும் பாய்ந்தாள். "உங்க கைவண்ணத்தப் பாத்தீகளா? கெளம்புங்க. உங்க தண்ணி ஒரு சொட்டு வேணாம்!"

அவன் போகவில்லை. குழாயைச் சரியாக மாற்றி மாட்டினான். செருப்பைக் கழற்றிவிட்டு மண்வெட்டியோடு பாத்திக்குள் இறங்கினான். மேல்மண்ணைச் சுரண்டி எடுத்தான். டேங்க் தண்ணீரைத் திறந்து, வேரில் தங்கிய மருந்து வடியும்வரை மூன்று முறை பாத்தியை நிரப்பினான். சங்கையா மகன் இந்தத் தெருச் சேற்றில் நிற்பதைப் பார்க்கத் தெருவே கூடிவிட்டது.

"மாரிசெல்விய ஒண்ணும் சொல்லாதீக. மாத்தி மாட்டுனது நான். தப்பு மொத்தமும் என்னோடது" என்றான் அவர்களிடம்.

குருத்துகள் பச்சையாகவே இருந்தன. செடி பிழைத்துக்கொள்ளும். உயிர் வந்தது அவளுக்கு. ஆனாலும் வீம்பு விடவில்லை.

"சிவப்புத் துணி கூடவா கண்ணுக்குத் தெரியல?" என்றாள் மெல்ல.

"தெரியலங்க..." அவன் குரல் இறங்கியது. "நான் குழாயப் பாக்கல. உங்களத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். அன்னையிலிருந்து வேற எதையுமே ஒழுங்காப் பாக்க முடியல. உங்கள எனக்கு அம்புட்டுப் பிடிச்சிருக்கு, செல்வி."

அவளுக்குக் காது மடல் சுட்டது. அவளுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. எந்தக் குழாயை மாட்டினாலும் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி, அது எங்கே போய் விழுகிறது என்று பார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள். அவன் குழாய் மாட்டிய அன்று ஊற்றவில்லை. ஏன் ஊற்றவில்லை என்பது தோண்டிய நிமிடமே அவளுக்குத் தெரியும். அந்தக் கோபத்தையும் சேர்த்துத்தான் இவன் தலையில் கொட்டியிருந்தாள். ஒருத்தன் தெரு நடுவே தனியாகத் தலைகுனிந்து நிற்க, அவள் மட்டும் நிமிர்ந்து நிற்பதா?

"அக்கா!" என்று திரும்பினாள். "பாதித் தப்பு என்னோடது. அன்னைக்கு நானும் குழாயப் பாக்கல."

"பெறகு எதப் பாத்த?" என்றாள் அருணாதேவி, வேண்டுமென்றே.

மாரிசெல்வி முந்தானை நுனியைச் சுருட்டினாள், பிரித்தாள். பிறகு சேற்றில் நின்றவனை நேராகப் பார்த்தாள்.

"இவுகளத்தான்!"