ஆபெல் பில்பீமின் தொப்பி

ஆபெல் பில்பீம் தன் உயரமான தொப்பியைக் கழற்றி, உருண்டு வந்த பந்தை அமுக்கினார். பந்து நின்றது. ஆட்டமும் நின்றது.

"தொப்பி! கென்ட்டுக்கு அஞ்சு ஓட்டம்!" என்று நடுவர் கத்தினார். ஓட்டம் குறிப்பவர் தன் குச்சியில் எதிரணியான கென்ட்டுக்கு ஐந்து வெட்டுப் போட்டார்.

ஆபெல் திருதிருவென்று விழித்தார். செங்கல் சூளைத் தொழிலாளியான அவருக்கு, சசெக்ஸ் கிரிக்கெட் அணியில் இதுதான் முதல் ஆட்டம். பார்ப்பதற்கு ஊரே வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தது.

"யோவ் பில்பீம், இது ரெண்டாவது தடவை!" அணித் தலைவர் ஹாலண்டின் முகம் சிவந்திருந்தது. "தொப்பியால நிறுத்தக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க ஐயா. கைதான்... அதுவா போயிடுது."

"இன்னொரு தடவை போச்சுன்னா உன்னை வெளிய அனுப்பிடுவேன்!"

ஆபெல் தலைகுனிந்து மைதானத்தின் ஓரத்துக்கு வந்து நின்றார். அங்கே அவருடைய பத்து வயது மகள் ஹெஸ்டர் நின்றிருந்தாள்.

"ஏம்ப்பா, நம்ம ஊர்ல எல்லாரும் தொப்பியாலதானே நிறுத்துவாங்க?"

"அதான் கண்ணு எனக்கும் புரியல."

ஹெஸ்டர் சுற்றிலும் பார்த்தாள். "அப்பா! இங்க குளமே இல்லையே!"

அவர்கள் ஊர் மைதானம் குளத்தை நோக்கிச் சரிந்திருக்கும். கொஞ்சம் அசந்தால் பந்து தண்ணீரில் விழும். தொப்பி அதற்காகத்தான்.

"ஆமால்ல," என்றார் ஆபெல். "எனக்குப் புரியுது. ஆனா என் கைக்குப் புரியணுமே."

கென்ட்டின் கடைசி ஆட்டக்காரர் மட்டையோடு வந்துகொண்டிருந்தார். கென்ட் வெல்ல இன்னும் நான்கே ஓட்டங்கள். ஒரு தொப்பி போதும்.

ஹெஸ்டர் தன் தலைக்குல்லாயிலிருந்த ரிப்பனை உருவினாள்.

"குனிங்கப்பா."

தொப்பியோடு சேர்த்து அப்பாவின் தாடைக்குக் கீழே இறுக்கிக் கட்டினாள். முடிச்சின் மேல் முடிச்சு.

"பாப்பா தூங்கப் போகுதா?" என்று கென்ட் கூட்டம் கூவியது.

"ஆபெலு, தாலாட்டு பாடவா?" என்றார் ஆபெலின் சொந்த ஊர் ரொட்டிக் கடைக்காரரே.

பந்து உயரப் பறந்து ஆபெலை நோக்கி வந்தது. அவர் கைகள் தொப்பிக்குப் போயின. இழுத்தன. தொப்பி வரவில்லை. மறுபடி இழுத்தன. பந்து வந்துவிட்டது.

சூளையில் வீசப்படும் செங்கல்லைப் பிடிப்பதுபோல் கைகள் சட்டென்று கீழே இறங்கின.

கூட்டம் ஆர்ப்பரித்தது. ஆபெல் தன் கைகளைப் பார்த்தார். உள்ளே பந்து இருந்தது. சசெக்ஸ் வென்றுவிட்டது.

"அடுத்த ஆட்டம் லண்டன்ல," என்று ஹாலண்ட் ஓடி வந்தார். "நீ கண்டிப்பா வரணும். ரிப்பன் மட்டும் வேணாம்யா, எல்லாரும் சிரிக்கிறாங்க."

ஆபெல் யோசித்தார்.

"ரிப்பன் இல்லாம என் கையை நம்ப முடியாது ஐயா. நான் ஊர்லயே ஆடிக்கிறேன்."

சசெக்ஸுக்காக அவர் ஆடியது அந்த ஓர் ஆட்டம்தான்.

வண்டியில் திரும்பும்போது கேட்டார்: "கண்ணு, அதை நான் எப்படிப் புடிச்சேன்?"

"தெரியலப்பா."

"சரி விடு. இந்த முடிச்சை அவுத்துடு."

ஹெஸ்டர் நகத்தால் முயன்றாள். பல்லாலும் முயன்றாள்.

"அவுரலப்பா."

அன்று ஆபெல் பில்பீம் தொப்பியோடுதான் சாப்பிட்டார்.