காற்று நின்றபோது வந்தவர்கள்

மலாக்கா நீரிணைக்குப் புயல் வளர்க்கத் தெரியாது என்றுதான் ஊரே நம்பியிருந்தது. மழை வரும், வெள்ளம் வரும், கிளாங்கில் கார்கள் மிதக்கும், மறுவாரம் எல்லோரும் மறந்துவிட்டு வாழையிலைச் சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்பார்கள். புயல் என்றால் அது பிலிப்பைன்ஸ்காரர்களுக்கும் நாகப்பட்டினத்துக்காரர்களுக்கும் உரிய தலைவலி. வானிலை படித்த ஜனகாவே போன வாரம் வரை அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இப்போது அவள் கம்பெனி வேனில், ஜெஞ்சாரோமைத் தாண்டிச் செம்பனைத் தோட்டத்துப் பாதையில் குலுங்கிக்கொண்டு போனாள். பெட்டாலிங் ஜெயாவில், கப்பல்களுக்கு வானிலை சொல்லும் தனியார் நிறுவனத்தில் அவளுக்கு வேலை. கடலோரத்துப் பழைய துரை பங்களாவின் கூரையில் நிறுவனம் நட்டிருந்த கருவி முந்தின நாளே பேச்சை நிறுத்தியிருந்தது. நீரிணையில் புயல் சுழலும் நேரத்தில் கரையில் கருவி இல்லையென்றால் கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பதுதான். புயல் சுமத்ரா மலைகளில் மோதிச் செத்துவிடும், அதற்குள் சரிசெய்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்று ஆபீஸில் எல்லோரும் அடித்துச் சொன்னார்கள். வேனை ஓட்டிய டெக்னீஷியன் இர்ஃபான் கிளாங்காரன், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், வாய் ஓயாதவன். வழிநெடுக, மதியத்துக்குள் வீடு போய்விடலாம் என்று சொல்லிக்கொண்டே வந்தான்.

பங்களா செங்கல் தூண்கள்மேல் நின்றது. வாசல் வடக்குப் பார்த்தது. மேற்கே கூப்பிடு தூரத்தில் கடலைத் தடுக்கும் மண்கரை, அதற்கப்பால் சேறும் அலையாத்திக் காடும். உள்ளே ஈர மரமும் வௌவால் எச்சமும் கலந்த வாடை அடித்தது. காவலுக்கு இருந்த அமுதவள்ளி ஐம்பதைத் தாண்டியவள். அவர்களைப் பார்த்ததில் அவளுக்கு அப்படியொரு சந்தோஷம்.

"வாங்கம்மா, வாங்க. இந்தப் பக்கம் மனுச முகம் பார்த்து எத்தனை நாளாச்சு! கோப்பி கலக்கட்டுமா?"

சமையலறைச் சுவரில் மாலை போட்ட படம் ஒன்று தொங்கியது. நெற்றியில் விபூதியோடு ஒரு வாலிபன். ஜனகா அதைப் பார்ப்பதைக் கவனித்துவிட்டு அவளே சொன்னாள். "என் மவன்மா. நண்டு பிடிக்கப் போனான், சேத்துல மாட்டிக்கிட்டான். தண்ணி ஏறிருச்சு." சொல்லிவிட்டுச் சீனியைக் கொஞ்சம் அதிகமாகவே போட்டுக் கலக்கினாள்.

கருவி உயிர் பெற்றது. உயிர் பெற்ற கையோடு காட்டிய எண்ணைப் பார்த்து ஜனகா அது இன்னும் பழுதுதான் என்று நினைத்தாள். காற்றழுத்தம் கிணற்றில் வாளி விழுவதுபோல் இறங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் ஆபீஸிலிருந்து குணபூசணி மேடம் கூப்பிட்டார். முப்பது வருஷ அனுபவம், பதறிப் பேசி யாரும் கேட்டதில்லை.

"ஜனகா, உடனே கிளம்பு. அது சாகல. அக்கரையில, சுமத்ரால, கம்பம் கம்பமா, ஊர் ஊரா ஜனங்க செத்துப் போயிட்டாங்க. தரையில ஏறுன புயல் இளைக்கணும். இது ஏறி இறங்கி இன்னும் தடிச்சிருக்கு. சாப்பிட்டு வளர்ற மாதிரி இருக்கு லா. என்னால விளக்க முடியல."

கிளம்ப முடியவில்லை. தோட்டத்துப் பாதையின் வாயிலில் பெரிய மரம் ஒன்று குறுக்கே விழுந்து கிடந்தது. வேன் திரும்பி வந்தது. அப்போது ஜெயந்திரனின் அழைப்பு.

ஜெயந்திரன் அவளுடைய அண்ணன். கிளாங் துறைமுகத்தில் கப்பல் ஏஜென்சியில் வேலை, கல்யாணம் செய்துகொள்ளாமலே நாற்பதைத் தாண்டிவிட்டவன். அப்பாவும் அம்மாவும் போன பிறகு ஜனகாவுக்கு இருந்தது அவன் ஒருவன்தான். அவளை 'புயலம்மா' என்று கேலி செய்வான், அவளுக்குத் தும்மல் வந்தால் மருந்தோடு அவளுடைய பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்கே வந்து நிற்பான்.

"ஜனா, அங்க என்ன பண்ற? நான் வந்து கூட்டிட்டுப் போறேன்."

"வராதண்ணா! ரோட்டுல மரம் விழுந்து கிடக்கு. நீ கிளாங்லயே இரு. ப்ராமிஸ் பண்ணு."

"சரிலா."

"ப்ராமிஸ்னு சொல்லு!"

"ப்ராமிஸ், ப்ராமிஸ். கத்தாத. எல்லாம் கொஞ்ச நேரத்துல ஓஞ்சிரும்."

அத்தோடு போன் செத்தது. மூன்று பேரின் போன்களும்தான்.

காற்று தெற்கிலிருந்து வந்தது. முதலில் செம்பனை மட்டைகள் பறந்தன, பிறகு மரங்களே வேரோடு பிடுங்கிக்கொண்டு உருண்டன. தகரக் கொட்டகை கிழிந்து, ஒரு தகடு சுழன்று வந்து தூணில் செருகி நின்றது. பட்டப்பகல் மை பூசியதுபோல் கறுத்தது. தெற்கு ஜன்னல் ஒன்று சட்டத்தோடு பெயர்ந்து உள்ளே பாய்ந்து இர்ஃபானின் முழங்கையைக் கிழித்தது. ரத்தம் தரையில் சொட்டக்கூட நேரமில்லை, காற்று அதைச் சுவரில் தெளித்தது. கூரைமேல் கருவி முறிந்து உருண்டு போகும் சத்தம் கேட்டது. அமுதவள்ளி முருகனைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிப்போனாள். நிற்கிற தரையே அதிர்ந்தது. வாய்விட்டு அழுதும் ஜனகாவுக்குத் தன் அழுகை கேட்கவில்லை.

பிறகு, யாரோ கதவைச் சாத்தியதுபோல் எல்லாம் நின்றது.

காது அடைத்தது. மேலே வட்டமாக நீல வானம் தெரிந்தது. வெயில்கூட அடித்தது.

"முடிஞ்சிருச்சுலா அக்கா!" இர்ஃபான் கிழிந்த முழங்கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். "அல்ஹம்துலில்லாஹ்! வாங்க, வேனைப் பார்ப்போம்."

"உட்காரு!" ஜனகா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "முடியல. பாதிதான் முடிஞ்சிருக்கு. நாம இப்ப புயலோட நடுவுல இருக்கோம். அடுத்த காத்து வடக்கேருந்து வரும், வாசலுக்கு நேரா. இதைவிட மோசமா வரும். யாரும் வெளியே போகக் கூடாது."

புயல் தெரியாத ஊரில் இதை எத்தனை பேருக்குச் சொல்லிப் புரிய வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. இந்நேரம் ஜெஞ்சாரோம் முழுக்க ஜனங்கள் கைப்பேசியோடு தெருவுக்கு வந்து வானத்தைப் படம் பிடித்துக்கொண்டிருப்பார்கள்.

பறவை இல்லை. பூச்சி இல்லை. தண்ணீர் சொட்டும் சத்தம்கூட இல்லை.

சேற்றில் காலடிகள் கேட்டன.

ஒன்றிரண்டு இல்லை, கூட்டமாக.

ஜனகா வாசல் பக்கத்து ஜன்னல் இடுக்கில் கண்ணை வைத்தாள். முறிந்த செம்பனைகளுக்கு நடுவே ஆட்கள் நின்றார்கள். சாரோங் கட்டிய ஆண்கள், தூடோங் முக்காடு தோளில் நழுவிய பெண்கள், இடுப்பில் பிள்ளைகள். எல்லோர்மேலும் சேறு. எல்லோரும் பங்களாவைப் பார்த்து நின்றார்கள். ஒருவர் மார்பும் மூச்சில் ஏறி இறங்கவில்லை. ஒரு கிழவரின் கழுத்து பின்பக்கமாகத் திரும்பியிருந்தது, அவர் அப்படியே பின்னோக்கி நடந்து முன்னால் வந்தார்.

அக்கரையில் செத்துப் போனவர்கள். புயல் அவர்களைத் தன் வயிற்றில் வைத்துக்கொண்டு கடல் தாண்டியிருந்தது.

"மா."

சமையலறைப் பின்கதவுக்கு வெளியே ஒரு குரல்.

"மா, கதவத் தெற. குளிருதுமா."

அமுதவள்ளியின் கையிலிருந்த துணி நழுவியது.

"அக்கா, வேணாம்," ஜனகா கிசுகிசுத்தாள். "உங்க மகன் செத்துட்டாரு. அது அவர் இல்ல."

"மா, அன்னிக்கு நண்டு ரசம் வைக்கிறேன்னியே. வச்சியா?"

அது அவளுக்கும் மகனுக்கும் மட்டும் தெரிந்த பேச்சாக இருக்க வேண்டும். தாய் மனம் அதற்குமேல் தாங்கவில்லை. இருவரும் பிடிப்பதற்குள் அவள் தாழ்ப்பாளைத் தள்ளிவிட்டாள். வாசலில் படத்தில் இருந்த அதே வாலிபன், இடுப்பு வரை சேறு. "வந்துட்டியாடா ஐயா" என்று அவன் கையைப் பிடித்தாள். அவன் அவளை மண்கரைப் பக்கம் நடத்திக்கொண்டு போனான். கூட்டம் விலகி வழிவிட்டது. மேற்கே அலையாத்திக் காட்டுக்கு மேல் கடல் எழுந்து நின்றதை அவள் ஏறிட்டும் பார்க்கவில்லை. மண்கரையையும் அவளையும் கடல் ஒரே வாயில் விழுங்கியது.

இர்ஃபான் பின்கதவைச் சாத்தி மேசையை முட்டுக்கொடுத்தான். தண்ணீர் தூண்களுக்குக் கீழே உறுமியது.

அப்போது முன்கதவு தட்டப்பட்டது.

"ஜனா! கதவத் தெற!"

அது அண்ணன் குரல்.

"ஜனா, நான்தான்! ஜெஞ்சாரோம் பெட்ரோல் ஸ்டேஷன்லயே நின்னுட்டிருந்தேன். ஓஞ்சதும் கிளம்பி வந்தேன். காரை மரத்துக்கிட்ட விட்டுட்டு நடந்து வந்தேன். தண்ணி ஏறுது, சீக்கிரம்!"

"அக்கா, உங்கண்ணன்!" இர்ஃபான் எழுந்தான்.

"இல்ல. எங்கண்ணன் கிளாங்ல இருக்கான். எனக்கு ப்ராமிஸ் பண்ணியிருக்கான்."

இடுக்கில் பார்த்தாள். வாசற்படியில் ஜெயந்திரன், தலை முதல் கால் வரை சேறு. அவன் பின்னால் அந்தக் கூட்டம், அவனைத் தொடாமல், காத்துக்கொண்டு நின்றது. அவன் திரும்பித் திரும்பிப் பார்த்தான். "இவங்கள்லாம் யாரு ஜனா? கேட்டா யாரும் பேச மாட்டேங்கிறாங்க."

"நீ அண்ணன்னா," அவள் கதவில் வாயை வைத்துக் கேட்டாள், "அம்மா கடைசியா உன்கிட்ட என்ன சொன்னாங்க?"

"உன்னைத் தனியா விடாதேன்னாங்க. ஏன் இதெல்லாம் இப்ப கேக்குற? தெற ஜனா!"

சரியான பதில். நண்டு ரசமும் சரியான பேச்சுதான். ஜனகா இரண்டு கையாலும் தாழ்ப்பாளை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். இர்ஃபான் அவள் கையைப் பிரிக்கப் பார்த்தான். அவள் அவன் காயத்திலேயே அடித்தாள். அவன் அலறி விழுந்தான்.

"திறந்தா ரெண்டு பேரும் செத்தோம்! உன் பிள்ளைங்கள நெனச்சுக்கோ!"

வடக்கே ரயில் வருவதுபோல் ஒரு சத்தம் கிளம்பியது.

"ஜனா! என்னவோ வருது! ஜனா!"

வந்தது.

கதவு வளைந்தது. அவள் முதுகைக் கொடுத்து, கால்களைத் தரையில் ஊன்றி நின்றாள். வெளியே இரண்டு கைகள் அவள் முதுகுக்கு நேராக அறைந்தன. பிறகு நகங்கள் கீறின. அவள் பெயர் கத்தலாகி, கத்தல் வார்த்தை இல்லாத ஓலமாகி, ஓலம் காற்றோடு கலந்தது. கனமான ஏதோ கதவில் மோதியது, மறுபடி மோதியது, மறுபடியும். அதன் பிறகு கைகள் அடிக்கவில்லை. காற்றுதான் அவனை வைத்துக் கதவை அடித்துக்கொண்டிருந்தது.

சாயங்காலம் காற்று நிஜமாகவே ஓய்ந்தது. இர்ஃபான்தான் தாழ்ப்பாளை எடுத்தான். கதவு உள்பக்கம் திறந்ததும் ஜெயந்திரன் உள்ளே விழுந்தான். விரல்களில் நகம் இல்லை. வெளியே கூட்டம் இல்லை, காலடித் தடமும் இல்லை. அவன் கார் மட்டும் விழுந்த மரத்துக்கு அப்பால், முன்கண்ணாடி நொறுங்கிச் சாய்ந்து கிடந்தது.

ஜனகா அழவில்லை. அவன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு முகத்துச் சேற்றைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

உடலைக் கிளாங்கில் எரித்தார்கள். சாம்பலை அவள் கையாலேயே கடலில் கரைத்தாள். எட்டாம் நாள் எட்டுச் செலவுக்குப் படைத்து முடித்து, சொந்தக்காரர்கள் எல்லோரும் போன மறுநாள் பகலில், பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டில் தனியாக உட்கார்ந்திருந்தாள். கீழே ஹார்ன் சத்தம், சேலைக் கடைகளின் பாட்டு, மோனோரயில் போகும் இரைச்சல்.

போன் அடித்தது. குணபூசணி மேடம்.

"ஜனகா, வீட்டுலதானே இருக்க? ஜன்னல்கிட்ட போய்ப் பாரு. மழை எதுவும் இருக்கா?"

"இல்ல மேடம். நல்ல வெயில்."

"இங்க ராடார்ல ஒண்ணு சுத்துது. சின்னதா. பிரிக்பீல்ட்ஸுக்கு மேல. நடுவுல ஓட்டை தெரியுது. மெஷின் கோளாறுதான் போல, இருந்தாலும்..."

மேடத்தின் குரல் அறுந்தது. ஹார்ன்கள் நின்றன. பாட்டு நின்றது. ஜனகாவுக்குக் காது அடைத்தது.

வெளியே நடைபாதையில் ஈரக் காலடிகள் வந்து அவள் வீட்டு வாசலில் நின்றன.

"ஜனா. கதவத் தெற."

அன்று அது அண்ணன்தான், அவள் திறக்கவில்லை. இன்று அது அண்ணன் இல்லை. சாம்பலைக் கரைத்த கை அவளுடையது, அவளுக்குத் தெரியாதா? உலகத்தில் வேறு எதைப் பற்றியும் அவளுக்கு இவ்வளவு நிச்சயம் இருந்ததில்லை.

"ஜனா, குளிருது."

அவள் எழுந்து போய்த் தாழ்ப்பாளை நீக்கினாள். ஜெயந்திரன் நின்றான், நகமில்லாத விரல்களோடு. அவனுக்குப் பின்னால் அமுதவள்ளியும் மகனும். அவர்களுக்குப் பின்னால் நடைபாதை நெடுக, லிஃப்ட் வரை, மாடிப்படிகளில் கண்ணுக்கு எட்டிய மட்டும், சேறு பூசிய முகங்கள்.

"வாண்ணா," என்றாள் ஜனகா. கதவை அகலத் திறந்து, எல்லோருக்கும் வழிவிட்டு ஒதுங்கி நின்றாள்.