மூன்றாவது நுனி

மீட்டர் நாற்பது ஓம் காட்டியது. அரை மணி நேரத்துக்கு முன் அதே இரண்டு கம்பிகளில் அறுபது இருந்தது. அறுபதுதான் இருக்க வேண்டும். காருக்குள் இருக்கும் இஞ்சின் பெட்டி, கதவுப் பெட்டி, விளக்குப் பெட்டி எல்லாம் முறுக்கிய ஒரு ஜோடிக் கம்பி வழியாகத்தான் தங்களுக்குள் பேசிக்கொள்ளும். அந்தக் கம்பியின் இரண்டு நுனியிலும் நுனிக்கொரு நூற்றிருபது ஓம் மின்தடை உண்டு. இணையாக இருப்பதால் சேர்த்து அளந்தால் பாதி, அறுபது. நாற்பது என்றால் எங்கோ மூன்றாவதாக ஒரு நுனி இருக்கிறது என்று பொருள். பதினொரு வருடமாக வண்டி வயரிங் பார்க்கிறவளுக்கு அது சிரிப்பாகத்தான் இருந்தது.

இடையில் எதுவும் மாறிவிடவில்லை. பள்ளி வேன் வந்து மகளை இறக்கிவிட்டுப் போயிருந்தது. எட்டு வயதுக்காரி, வழக்கம்போல அன்று ஷெட்டில் நிற்கும் வண்டியின் பின் இருக்கையில் ஏறி, பெல்ட்டை மாட்டிக்கொண்டு, வீட்டுப்பாடத்தை மடியில் விரித்திருந்தாள். தகரக் கூரையில் மழை விட்டுவிட்டுத் தட்டியது. ஈர ரப்பரும் பழைய எண்ணெயும் கலந்த வாடை தரையிலிருந்து எழுந்தது.

"என்ன தங்கச்சி, இன்னும் அந்த வயரோடதான் குடும்பம் நடத்துறியா?" பக்கத்து ஷெட் பெயிண்டர் குடையோடு வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"வயர் பரவாயில்லண்ணே. எதிர்த்துப் பேசாது."

சாவியின் பொத்தானை அழுத்தினால் கதவு பூட்டவில்லை, விளக்கு சிமிட்டவில்லை என்று வந்த வண்டி. எந்தப் பெட்டி மற்றவற்றின் பேச்சைக் கெடுக்கிறது என்று பார்க்க ஒரே வழிதான்: பேட்டரியை மாட்டி, பெட்டிகளின் பேச்சைத் திரையில் காட்டும் ஸ்கேனரைச் செருகி, ஒவ்வொரு பெட்டியின் இணைப்பாக உருவுவது. அவள் டாஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்துப் படுத்து, விளக்குப் பெட்டியை உருவினாள்.

"அம்மா, எதுக்கு லைட்ட அணைச்ச?"

"மழை இருட்டுடி. எழுது."

வேலை நேரத்தில் கூப்பிடக் கூடாது என்பது அவள் போட்ட சட்டம். திரும்பிப் பார்க்காமலே பதில் சொல்லிப் பழகியிருந்தாள். ரேடியோப் பெட்டியை உருவினாள்.

"அம்மா, நான் பேசறது உனக்குக் கேக்குதா? எனக்கே கேக்கல."

"விளையாடாத, கண்ணு. இன்னும் அஞ்சு நிமிஷம்."

கதவுப் பெட்டி. உருவிய நொடியில், பின்னால் பென்சில் விழுந்து உருண்டது. எடுக்கக் குனியும் சத்தம் இல்லை. முணுமுணுப்பு இல்லை. மழை மட்டும்.

அவள் எழுந்து திரும்பினாள்.

மகள் நேராக உட்கார்ந்திருந்தாள். கைகள் மடியில், உள்ளங்கை மேலே பார்க்க. கண்கள் திறந்திருந்தன, அம்மாவின் முகத்துக்கு ஒரு சாண் தள்ளி எதையோ பார்த்தன. "பாப்பா." கன்னத்தைத் தட்டினாள். சூடு இருந்தது. மூச்சு இருந்தது.

நாற்பது. மூன்றாவது நுனி.

எல்லாவற்றையும் திரும்பச் செருகினாள். விளக்கு. ரேடியோ. கதவு. ஸ்கேனரில் எல்லாப் பெட்டிகளும் வரிசையாகப் பேசத் தொடங்கின, இவ்வளவு ஒழுங்காக எந்த வண்டியும் பேசி அவள் பார்த்ததில்லை. அபாய விளக்குகள் தாமாக எரிந்து அணைந்தன. எரிந்து, அணைந்து. மகளின் இமைகளும். அதே தாளத்தில்.

பெல்ட்டைக் கழற்றி, அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள். இருக்கையை விட்டு ஒரு விரற்கடை எழும்பியதும் விளக்குகள் மங்கின. மூச்சு நின்றது. அலறாமல் கீழே வைத்தாள். மூச்சு வந்தது.

மறுபடி தூக்கினாள். நின்றது. வைத்தாள். வந்தது.

எத்தனையோ பெட்டிகளை ஒரு யோசனையும் இல்லாமல் உருவிய கைகள் அவை. இப்போது எங்கே வைப்பது என்று தெரியாமல் காற்றில் நின்றன. யாரைக் கூப்பிடுவது, கூப்பிட்டு என்னவென்று சொல்வது?

வாசல் பக்கம் செருப்புச் சத்தம்.

வண்டிக்காரர். மாற்றுச் சாவி கையில். சிமிட்டும் விளக்குகளைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு முகம் மலர்ந்தார். "அட, சரியாயிடுச்சு போலருக்கே?"

அவள் இறங்கி ஓடினாள். "சார், வேணாம். அழுத்தாதீங்க சார்."

"சும்மா, பூட்டுதான்னு பாக்கறேன்மா."

முதுகுக்குப் பின்னால் நான்கு கதவுகளும் ஒன்றாகப் பூட்டிக்கொண்டன. விளக்குகள் இரண்டு முறை சிமிட்டின. அவள் திரும்பியபோது, மழைத்துளி வழியும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், மகள் இரண்டு முறை இமைத்து, சமர்த்தாகக் கண்ணை மூடிக்கொண்டாள்.