இரண்டு மீட்டர்

அக்கா வீட்டுச் சுவரில், கணுக்கால் உயரத்தில், அடிக்கோல் வைத்து இழுத்த மாதிரி ஓர் ஈரக்கோடு ஓடியது; மூலையில் திரும்பி, கதவு நிலையைத் தாண்டி, அடுத்த சுவரிலும் பிசகாமல் தொடர்ந்தது. மழை பெய்து இரண்டு மாதம் ஆகிறது. பிளம்பர் வந்து தட்டிப் பார்த்துவிட்டு, இந்தச் சுவரில் குழாயே இல்லை, உங்கள் வீட்டுக்கு வேர்க்கிறது என்று சொல்லிவிட்டுப் போனாராம். அக்கா சிரித்தாள்.

தம்பி சிரிக்கவில்லை. தொட்டு நாக்கில் வைத்தான். உப்பு.

கணினியில் கடல்நீரை இரண்டு டிகிரி சூடாக்கி, பழைய புயல்களை மறுபடி கரையேற்றி, தண்ணீர் எதுவரை வரும் என்று பார்ப்பது அவன் வேலை. திரையில் நகரம் முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் தரையின் உயரம், ஓர் எண். நாலு வருஷம் முன்பு ஒரு கட்டத்தில் மட்டும் கடல்நீர் சரேலென்று ஏறி, கணக்கு ஒவ்வொரு முறையும் அங்கேயே முறிந்து நின்றது. மறுநாள் அறிக்கை கொடுத்தாக வேண்டும். அந்தக் கட்டத்தின் தரையை இரண்டு மீட்டர் உயர்த்திவிட்டான். கணக்கு ஓடியது. அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தான். மாற்றவில்லை. வரைபடத்தில் அந்த இடம் பச்சையாக, வெள்ளம் வராத இடமாக, வந்தது. பச்சையை நம்பி வீடுகள் எழுந்தன. அக்கா தரைத்தளம் வாங்கினாள். வாங்கும்முன் அவனைக் கேட்டாள். எந்தக் கட்டம் என்று தெரிந்தே, தண்ணீர் வராது என்று சொன்னான்.

இன்று உண்மையைச் சொல்லத்தான் வந்திருந்தான்.

அவள் டீ போட உள்ளே போனாள். பட்டப்பகல், ஜன்னலில் வெயில். இருந்தும் அறைக்குள் சேற்று வாடை, சுவருக்குப் பின்னால் கனமான எதுவோ உரசி உரசி நகரும் சத்தம்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லேன்டா."

வாய்வரை வந்தது. முகம் சுட்டது.

"சக்கரை வேணாம்."

சுவரில் கோடு முழங்கால் உயரத்துக்கு ஏறியிருந்தது.

"இதுக்கா இந்தப் பீடிகை? ஏதோ தப்புப் பண்ணினவன் மாதிரி இழுக்கிறே."

"ஒண்ணுமில்லக்கா."

இடுப்பு. தலை குனிந்துகொண்டான். நிமிர்ந்தபோது மார்பு. கழுத்து. பிறகு தலைக்கு மேலே. அங்கே நின்றது. அவன் அளக்கவில்லை; எத்தனை மீட்டர் என்று தெரியும்.

"அக்கா."

எழுந்து உள்ளே போனான். சுவருக்குப் பின்னால் உரசும் சத்தம் நின்றிருந்தது.

சமையலறை வாசல். தரை காய்ந்திருந்தது. மின்விசிறி ஓடவில்லை. அவள் முதுகைக் காட்டியபடி டீயைக் கலக்கிக்கொண்டிருந்தாள். அவிழ்ந்த கூந்தல் மேலே எழுந்து, பாசி மாதிரி, இப்படியும் அப்படியும் அசைந்தது. குதிகால் தரையில் படவில்லை.

"நீதானே சொன்னே," என்றாள், திரும்பாமல். "வராதுன்னு."

அவள் தலைக்கு மேலே குமிழிகள் ஏறின. கோட்டின் உயரம் வந்ததும், ஒவ்வொன்றாக உடைந்தன.