ஒரு சாண் குறைந்த கட்டில்

ஆட்டோ தெருமுனையிலேயே நின்றுகொண்டது. சீனித்தாய் சின்னவன் ஹரியை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். செண்பகராஜ் துணிமூட்டையையும் பாத்திரப் பெட்டியையும் சுமந்து வந்து பூட்டைத் திறந்தான். கோவில்பட்டி முடிந்து கரிசல் தொடங்கும் இடத்தில் இருக்கிற வீடு. இரண்டு வருஷமாகப் பூட்டிக் கிடந்ததில் புழுதியும் பழைய மரமும் கலந்த வாடை முகத்தில் அடித்தது. கயத்தாறில் மாமனார் வீட்டில் எத்தனை காலம்தான் ஒண்டிக்கொண்டிருப்பது? தீப்பெட்டி ஆபீசில் மெக்கானிக் வேலை மறுபடியும் கிடைத்ததும் திரும்பிவிட்டார்கள்.

உள்ளறையில் அந்தக் கட்டில் போட்டது போட்டபடி கிடந்தது.

மூத்தவள் முத்துச்செல்விக்காக அவன் தன் கையாலேயே செய்தது. ஞாயிற்றுக்கிழமைதோறும் வாசலில் உட்கார்ந்து வேப்பஞ்சட்டத்தை இழைத்தான். ஆசாரி வேலை அவனுக்குப் புதிதுதான். ஆனால் மெஷினோடு மல்லுக்கட்டுகிறவனுக்கு அளவு இம்மி பிசகினாலும் பொறுக்காது. ஐந்து வயதுப் பிள்ளையைத் தரையில் படுக்கவைத்து, தலைமாட்டிலும் கால்மாட்டிலும் கோடு கிழித்து, கோட்டுக்குக் கோடு கச்சிதமாகச் செய்து முடித்தான். பார்த்ததும் சீனித்தாய்க்கு முகம் மாறிவிட்டது.

"என்னங்க இது? புதியம்புத்தூர்ல பாவாடை தைக்கிறவன்கூட வளர்த்திக்குன்னு உள்ள மடிச்சுத் தைக்கான். நீங்க ஒரு சாண் கூட விடப்படாதா?"

"வளந்தா வேற செஞ்சு போடுதேன். இப்ப என்னட்டி?" என்று சிரித்தான்.

அந்த மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தது. முத்துச்செல்வி அதற்குப் பிறகு வளரவில்லை.

சீனித்தாய் அதைச் சொல்லி அவனை ஒரு நாளும் குத்திக்காட்டியதில்லை. காட்டியிருந்தால்கூடத் தேவலை என்று அவனுக்குத் தோன்றும்.

வந்த அன்று மத்தியானம் ஹரியை அந்தக் கட்டிலின் நடுவில் கிடத்தினார்கள். வெளியே வெயில் உச்சியில் நின்றது. தெருவில் ஒரு நாயைக்கூடக் காணோம். சாப்பிட்டுக் கைகழுவ எழுந்த செண்பகராஜ் அப்படியே நின்றுவிட்டான்.

டக்.

பலகையில் குதிங்கால் இடிக்கிற சத்தம்.

டக். டக்.

உள்ளறையை எட்டிப் பார்த்தான். ஹரி அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். அவன் கால் பாதிக் கட்டிலுக்குக்கூட வரவில்லை. ஆனால் நடுவில் கிடத்திய பிள்ளை சுவரோரம் ஒட்டிக் கிடந்தான். பக்கத்தில் விரிப்பு நீளமாக அமுங்கியிருந்தது. தேங்காயெண்ணெய் தேய்த்துப் பின்னிய தலையின் வாசம் வந்தது.

அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கால்மாட்டுப் பலகை ஒருமுறை அதிர்ந்தது.

ஹரியை வாரி எடுத்துக்கொண்டு வெளியே ஓடி வந்தான்.

"எலியா இருக்கும்" என்றான், யாரும் கேட்காமலே.

சீனித்தாய் கதவோரம் நின்றிருந்தாள். கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது. "எலி இல்ல" என்று கிசுகிசுத்தாள். "அவளுக்கு இப்ப ஏழு வயசு. காலு நீட்ட எடம் பத்தல."

பிள்ளையை அவள் கையில் கொடுத்துவிட்டு அவன் கோடாலியைத் தேடி எடுத்தான். இருக்கிற ஒன்றுக்காவது ஒன்றும் ஆகக்கூடாது. அவன் நினைப்பெல்லாம் அதுதான்.

"வெட்டி அடுப்புல வச்சிருதேன். தள்ளு."

அவள் தள்ளவில்லை. ஹரியோடு கட்டிலுக்கு முன்னால் போய் நின்றாள்.

"தம்பிய என்கூடப் பாயில போட்டுக்கிடுதேன். இதையும் பிடுங்கிட்டா எம்பிள்ள எங்கன போய்ப் படுப்பா?"

கோடாலி கையிலிருந்து நழுவியது. செண்பகராஜ் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். இரண்டு வருஷமாக அழாத அழுகை.

மறுநாளே கால்மாட்டுப் பலகையைக் கழற்றினான். சட்டத்தோடு புதுக் கட்டை சேர்த்து ஒரு சாண் நீட்டினான். புதுப் பலகை வைத்து வார்னிஷ் அடித்தான். அன்றைக்கு மத்தியானம் இருவரும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார்கள்.

சத்தம் வரவில்லை.

அதற்குப் பிறகும் வரவில்லை. பயம் விட்டது. ஆனால் வெயில் ஏறினால் அவன் காது தானாக உள்ளறைப் பக்கம் போகும். போய்விட்டாளோ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். சீனித்தாய் தினமும் விரிப்பை உதறிப் போட்டாள். ஹரி நடந்தான், ஓடினான். பாயில் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு தூங்கினான்.

அடுத்த வருஷம் ஒரு ஞாயிறு மத்தியானம். சீனித்தாய் அடுப்படியில் இருந்தாள். ஹரி அவள் மடியில் சோறு தின்றுகொண்டிருந்தான்.

டக்.

சீனித்தாய் திரும்பிச் செண்பகராஜைப் பார்த்தாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவள் முகத்தில் ஒரு சிரிப்பு.

"வளந்துட்டா, பாருங்க" என்றாள்.

செண்பகராஜ் உள்ளே போய்க் குனிந்து பார்த்தான். யாருமே படுக்காத கட்டிலின் கால்மாட்டுப் பலகையில், உள்பக்கம் வார்னிஷ் தேய்ந்து இரண்டு குதிங்கால் தடம் தெரிந்தது. விரலால் தொட்டான். சூடாக இருந்தது.

பலகையிலிருந்து இன்னொரு சாண் அளந்துவிட்டு, ரம்பத்தை எடுத்து வரப் போனான்.